ஒரு போ, ரெண்டு போ

எனக்கு எழுபத்து நாலு வயது. பெத்தது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என்ர தங்கச்சியின்ர பெட்டை. அஞ்சு பேரும் இப்ப தங்கட தங்கட வீட்டைத் தாங்களே கூட்டித் துடைக்கினம், அதுவும் என்ர வளர்ப்புத்தான். நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. அதால இதில எழுத்துப் பிழை இருக்கும். விஷயத்தில பிழை இராது.

போன ஞாயிறு மாதா கோயிலில பூசை முடிஞ்சு, மண்டபத்தில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை ஒரு பிள்ளை வந்தாள். புதுசா ஒரு யூனிவர்சிட்டியில கிளீனிங் வேலை கிடைச்சிருக்காம்.

"அன்ரி, நீங்கள் கனகாலம் இந்த வேலை செய்தனீங்கள் எல்லோ. போர்ட்டில எழுதிக் கிடந்தா அழிக்கிறதோ, விடுறதோ?"

"ஆர் எழுதினது?"

"அது தெரியாதே."

"அப்ப இரு. இதுக்கு மறுமொழி ரெண்டு சொல்லுத்தான். ஆனா அந்த ரெண்டு சொல்லும் எனக்கு என்னண்டு வந்ததெண்டு சொல்லாட்டி, நீ பஸ் ஏற முந்தி மறந்துபோடுவாய்."

நான் சொல்லத் தொடங்க முந்தி அவளின்ர பஸ் வந்திட்டுது. அதுதான் எழுதுறன்.

நான் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. கலியாணம் முடிச்ச கையோட ஜேர்மனிக்குப் போய், அங்க ஒரு லோண்டரியில பதினைஞ்சு வருஷம் படுக்கை விரிப்பு மடிச்சன். பேந்து பிள்ளையளின்ர படிப்புக்கெண்டு லண்டனுக்கு வந்து பார்க்கிங் எண்ட இடத்தில இருந்தம். வந்த வருஷமே எனக்கு வேலை கிடைச்சுது. நகரத்துக்கு நடுவில, உலகத்துப் பாஷையளையெல்லாம் வைச்சுப் படிக்கிற ஒரு கட்டடம். காலமை ஆறு மணியிலயிருந்து ஒன்பது மணிவரை கிளீனிங். எனக்கு மூண்டாம் மாடி. வேலையைப் பழக மூண்டு நாள் போதும். மிச்சப் பதினாறு வருஷமும் நான் பழகினது மோரீனை.

மோரீன் எங்கட சூப்பர்வைசர், ஐரிஷ்காரி. மெலிஞ்ச மனுசி, நோகிற முழங்கால், இடுப்பில எல்லாப் பூட்டுக்குமாய் ஒரு கொத்துத் திறப்பு. அவ வாற சத்தம் திறப்பால கேட்கும், அதால ஒருத்தரையும் களவாய்ப் பிடிக்க மாட்டா. "எனக்குப் பிடிக்கத் தேவையில்லை, லவ். தூசி சொல்லும்" எண்டுவா. ஆரையும் "லவ்" எண்டுதான் கூப்பிடுவா. மேசையைத் தடவிப் பார்க்கிற ஆள் இல்லை. மேசையை எல்லாரும் துடைப்பினம். அவ கதவின்ர மேல் விளிம்பில விரலை வைச்சு ஒரு இழுவை இழுத்து, விரலைப் பார்த்து, பேந்து உங்களைப் பார்ப்பா. அவ்வளவுதான். ஏச்சுப்பேச்சு ஒண்டும் இல்லை. ஆனா அடுத்த நாள் நீங்கள் கதிரை போட்டு ஏறி நிப்பியள்.

அவவின்ர சட்டம் மூண்டு. முதலாவது துணிச் சட்டம். சிவப்புத் துணி கக்கூசுக்கு, மஞ்சள் கை கழுவுற தொட்டிக்கு, பச்சை குசினிக்கு, நீலம் மேசைக்கும் போர்ட்டுக்கும். மாறினா வேலை போகும்.

ரெண்டாவது கடதாசிச் சட்டம். "அச்சடிச்ச கடதாசி குப்பை. கையால எழுதினது குப்பையில்லை, அது ஆரோ ஒருத்தர்." குப்பை வாளிக்குள்ள கிடந்தாலும் எடுத்து, உள்ளுக்குக் கிடக்கிறது தெரியிற பையில போட்டு, எடுத்த நாள் எதெண்டு எழுதிக் கட்டி, சாமான் அறையில ஏழு நாள் தொங்கவிட வேணும். ஏழாம் நாள் காலமை அவவே கீழ கொண்டுபோவா. எப்பவோ ஒருக்கா ஆரோ ஒரு மாணவியின்ர பரீட்சைத் தாள் குப்பையோட போய், அந்தப் பிள்ளை படியில இருந்து அழுததை அவ பார்த்தவவாம்.

மூண்டாவது போர்ட் சட்டம். எழுதிக் கிடந்தா தொடாதை. துடைக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தா மட்டும் துடை. நீ என்ன செய்தாலும் மோரீன் கேட்கிற முதல் கேள்வி, "ஆர் சொன்னது?"

இந்த மூண்டு சட்டத்தையும் நான் பைபிள் சங்கீதம் மாதிரிப் பாடமாக்கி வைச்சிருந்தன். ஏழு வருஷத்தில என்ர மாடியைப் பற்றி ஒரு முறைப்பாடு இல்லை. அதில எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் பேந்து என்னைக் கவிழ்த்தது.

ரெண்டாயிரம் பிறந்து நாலைஞ்சு வருஷத்தில லூபே வந்தாள். மெக்சிக்கோவில ஒரு மலைக் கிராமத்துக்காரி. என்ர தோள்மூட்டுக்குத்தான் நிப்பாள். மூண்டு மாசம் பார்த்து, பிடிச்சா வேலையில வைக்கிறதெண்டு எடுத்தவை. என்ர மாடியில என்னோட விட்டினம். முழுப்பேர் குவாதலூபே, தங்கட ஊர் மாதாவின்ர பேராம். சட்டைப் பொக்கற்றில இருந்து மாதா படத்தை எடுத்துக் காட்டினாள். நான் என்ர மடு மாதாவை எடுத்துக் காட்டினன். ரெண்டு பேரும் ஒரே மாதாதான் எண்டு எங்களுக்குத் தெரியும். எண்டாலும் அவரவர் மாதா கொஞ்சம் கூட வடிவெண்டு அவரவர் நினைச்சம்.

என்ர பேர் பிலோமினா. அவள் என்னை "டோன்யா பிலோ" எண்டு கூப்பிடுவாள். எங்கட "அக்கா" மாதிரி அது ஒரு மரியாதையாம். நாங்கள் கதைச்சது இங்கிலீஷ்தான். அவளின்ர இங்கிலீஷும் முடம், என்ரயும் முடம். ரெண்டு முடமும் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நல்லாய் நடந்தது.

எங்கட மாடியில ஒரு டொக்டர் இருந்தார். மருந்து தாற டொக்டர் இல்லை, புத்தகம் எழுதுற டொக்டர். நான் அவரைச் சொக்ஸ் டொக்டர் எண்டுவன். ஏழு மணிக்கு வருவார், சப்பாத்தைக் கழட்டி வைப்பார், அண்டு முழுக்கச் சொக்ஸோட யோசிச்சு யோசிச்சு நடப்பார். நான் நிலத்துக்கு மொப் போட்டிருந்தா சுவரோட சுவராய் ஒட்டிக்கொண்டு போவார். அந்த மரியாதைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் லூபே தூசி இழுக்கிற வக்கூமின்ர வயர் கதவிடுக்கில மாட்டிக்கொண்டுது. அவள் அந்த வக்கூமுக்குத் தன்ர ஊர்ப் பாஷையில ஏசினாள், ஒரு நிமிஷம் விடாமல். சொக்ஸ் டொக்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். லூபே வெளிறிப்போனாள். இவரோ கையைக் கும்பிடுற மாதிரி வைச்சுக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லுங்கோ, ப்ளீஸ்" எண்டார். ஏச்சை ப்ளீஸ் போட்டுக் கேட்ட மனுசனை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

விஷயம் என்னெண்டா, அந்தப் பாஷையை அவர் பழைய புத்தகங்களில இருவது வருஷம் படிச்சவர். அவர் அதை நாவாத்ல் எண்டுவார், லூபே மெஹிகானோ எண்டுவாள். படிச்சவரே ஒழிய, அதைப் பேசுற ஒரு வாய் தன்ர கதவுக்கு வெளியில வக்கூம் பிடிக்குமெண்டு அவர் கனவிலயும் நினைக்கேல்லை.

மோரீனிட்டைக் கேட்டார். தேத்தண்ணி குடிக்கிற கால் மணித்தியாலம் லூபே தன்ர அறைக்கு வந்து சொல்லுச் சொல்லித் தரலாமோ எண்டு. "வரலாம், பிலோமினாவும் வருவா" எண்டா மோரீன். அப்பிடித்தான் நான் அந்த அறைக்குள்ள காவலுக்கு இருந்தன். இருந்து இருந்து எனக்கும் பிடிபட்டுது.

அவருக்கு வேண்டியது ஒரேயொரு விஷயம். செய்யிற சொல்லை எடுத்து, வால் ஒட்டி, அதைப் பேராய் மாத்திறது. நாங்கள் சிரி எண்டதைச் சிரிப்பு ஆக்கிறது போல. அவையின்ர வால் "லிஸ்த்லி." நெமி எண்டா வாழுறது, நெமிலிஸ்த்லி வாழ்வு. சில சொல்லுக்கு "லி" கழண்டு வால் கட்டையாகும். மிக்கி எண்டா சாகிறது, மிக்கிஸ்த்லி சாவு. கோச்சி எண்டா நித்திரை கொள்ளுறது, கோச்சிஸ்த்லி நித்திரை.

கோச்சி எண்டதும் நான் சிரிச்சுப்போட்டன். "எங்களுக்குக் கோச்சி எண்டா ரெயில்."

லூபே சொன்னாள், "அப்ப சரிதானே, டோன்யா பிலோ. நீங்கள் விடியக் கோச்சியில கோச்சிதானே செய்யிறனீங்கள்."

அழுறதுக்கு அவையின்ர சொல் சோக்கா. எங்கட ஊரில சோக்கா இருக்கெண்டா வடிவாய் இருக்கெண்டு அர்த்தம். அழுகைக்குச் சோக்கிஸ்த்லி. "உங்கட ஊரில அழுதாலும் சோக்குத்தான்" எண்டன். டொக்டர் அதையும் எழுதினார். அவர் எல்லாத்தையும் எழுதுவார்.

ஒரு நாள் என்னட்டையும் கேட்டார், உங்கட பாஷையில வால் எப்பிடி எண்டு. எங்களுக்கு வால் கனக்க எண்டு சொன்னன். சிரிக்குச் சிரிப்பு, சா எண்டதுக்குச் சாவு, வாழுக்கு வாழ்வு, அழுவுக்கு அழுகை.

"ஏன் அழுவுக்கு மட்டும் கை?"

"கண்ணைத் துடைக்கக் கை வேணுமே, டொக்டர்."

கை எண்டா என்னெண்டு காட்டினன். அவர் பேனையை வைச்சுப்போட்டுச் சிரிச்சார். பேந்து பேனையை எடுத்து அதையும் எழுதினார்.

எனக்கு ஆகப் பிடிச்சது இன்னொண்டு. ஒண்டைத் துடைக்கிறது, ஒருத்தரை விரும்பிறது மாதிரியான சொல்லுகளை அவையள் வெறுமனே விட மாட்டினமாம். முன்னுக்குத் "த்லா" போட வேணும், "ஏதோ ஒண்டை" எண்டு அர்த்தம். இல்லாட்டித் "தே" போட வேணும், "ஆரோ ஒருத்தரை" எண்டு அர்த்தம். அன்புக்குத் தேத்லாசோத்லாலிஸ்த்லி. அதைச் சொல்லி முடிக்க முந்தி அன்பு ஆறிப்போயிடும், எண்டாலும் அதுக்கு முன்னால ஆரோ ஒருத்தர் நிக்கினம், பாருங்கோ. ஆளில்லாத அன்பு அவையிட்டை இல்லை.

"அப்ப செய்யிற ஆள் எங்க நிக்கிறது?" எண்டு கேட்டன்.

"அவருக்கு இடமில்லை, மிஸஸ் பிலோமினா. வால் ஒட்டினதும் செய்த ஆள் வெளியில போயிடுவார்."

"எங்களைப் போல," எண்டன். "ஒன்பது மணிக்கு ஆக்கள் வர முந்தி நாங்களும் வெளியில. நிலத்தில வைக்கிற அந்த மஞ்சள் பலகையைப் பாருங்கோ, 'கிளீனிங் நடக்குது' எண்டிருக்கும். ஆர் கிளீன் பண்ணுறதெண்டு இராது."

அவர் பலகையைப் போய் வாசிச்சுப் பார்த்திட்டு வந்தார். சொக்ஸ் நனைஞ்சு போச்சு.

அந்த மாரி முழுக்கச் சேர்த்த சொல்லெல்லாம் அவரின்ர சுவரில இருந்த பெரிய வெள்ளைப் போர்ட்டில ஏறிச்சுது. இடப்பக்கம் நீட்டு வால், வலப்பக்கம் கட்டை வால், நடுவில த்லாவும் தேயும். அதை வைச்சு அவர் வெளியூரில இருந்து வாற பெரிய ஆக்களுக்கு முன்னால பேச இருந்தவர். அப்ப இப்ப மாதிரிக் கண்டதையெல்லாம் போனில படம் எடுக்கிற பழக்கம் இல்லை. போர்ட்டில இருந்ததுதான் இருந்தது.

பேச்சுக்கு முதல் கிழமை அவர் தாயைப் பார்க்க ஊருக்குப் போனார். செவ்வாய்க்கிழமை காலமை நாங்கள் அறையைத் திறந்தா, போர்ட்டில ஒரு சின்னக் கடதாசி ஒட்டியிருக்கு. டொக்டரின்ர கையெழுத்து, ஒரேயொரு சொல். லூபேக்குப் பகிடியாய் அவளின்ர பாஷையிலேயே எழுதியிருந்தார்.

லூபே விரல் வைச்சு வாசிச்சாள். "த்லாப்போப்போவாலிஸ்த்லி."

"அதென்ன?"

"துடைக்கிறது. ஏதோ ஒண்டைத் துடைக்கிறது."

"இதையோ?"

"இதிலதானே ஒட்டியிருக்கு."

ரெண்டு பேரும் போர்ட்டைப் பார்த்தம். ஒரு மாரி காலத்துச் சொல்லு. "எழுதி எடுத்திருப்பார்" எண்டாள் லூபே. மோரீனிட்டைக் கேட்பமெண்டா, அண்டைக்கு அவவின்ர முழங்கால் லீவு. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனா எழுதி ஒட்டின வேலையை என்ர மாடியில செய்யாமல் விட்டதெண்டு ஒரு பேர் வரக்கூடாதே. நான் நீலத் துணியை எடுத்தன்.

லூபேயிட்டை நீட்டினன். அவள் கையைப் பின்னால கட்டிக்கொண்டாள். "எல்லாம் நான் சொன்ன சொல்லு, டோன்யா பிலோ. என்ர கையால ஏலாது."

நான்தான் துடைச்சன். மேலயிருந்து கீழ, இடமிருந்து வலம், மூலையெல்லாம் நகத்துக்குத் துணி சுத்தி. பேந்து அந்தக் கடதாசியை எடுத்தன். கையெழுத்து. பையில போட்டு, செவ்வாய் எண்டு இங்கிலீஷிலயும் தமிழிலயும் எழுதிக் கட்டினன்.

அடுத்த திங்கள் எட்டரை மணிக்கு மோரீன் எங்களை அந்த அறைக்குக் கூப்பிட்டா. டொக்டர் நிலத்தில இருந்தார், முதுகைச் சுவரில சாய்ச்சுக்கொண்டு, சொக்ஸ் காலை நீட்டிக்கொண்டு. முன்னால போர்ட். என்ர வேலையை நானே சொல்லக்கூடாது, ஆனா ஒரு போர்ட்டை அவ்வளவு வெள்ளையாய் நான் அதுக்கு முன்னமும் பின்னமும் கண்டதில்லை.

ஒஃபிஸ் மனுசி ஒருத்தி கையில ஒரு முறைப்பாட்டுப் போர்மோட நிண்டா. வாசிச்சா. "முன்னூத்தி ஏழாம் அறையில அழிப்பு ஒண்டு நிகழ்ந்துள்ளது." பேந்து லூபேயைப் பார்த்தா. "நீதானே ஒவ்வொரு நாளும் இந்த அறைக்குள்ள இருக்கிறது? உன்ர மூண்டு மாசம் வெள்ளிக்கிழமை முடியுது. நீ நாளைக்கு வரத் தேவையில்லை."

லூபே நிலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கேல்லை. பார்த்திருந்தா எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

நான் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நிண்டன். இதை மறைச்சு எழுத மாட்டன். ஏழு வருஷம், ஒரு முறைப்பாடு இல்லை. அந்தப் போர்மில அழிப்பு எண்டுதான் இருக்கு, அழிச்ச ஆள் இல்லை. அந்த இடத்தில ஒருத்தியை நிப்பாட்டப் போகினம், அது நானில்லை. நான் வாயைத் திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு மூச்சு. பேந்து எனக்கு என்ர மூச்சே நாறிச்சுது.

"துடைச்சது நான்," எண்டன். "இவள் தொடேல்லை."

ஒஃபிஸ் மனுசி போர்மைப் பார்த்தா, அதில அதுக்கு இடம் இருக்கோ எண்டு. மோரீன் என்னைப் பார்த்தா, கதவு விளிம்பில விரல் வைச்சுப் பார்க்கிற அந்தப் பார்வை.

"ஆர் சொன்னது, பிலோமினா?"

"டொக்டர்."

டொக்டர் நிலத்தில இருந்தபடி நிமிர்ந்தார். "நானோ?"

"ஓம், நீங்கள்தான். எழுதி ஒட்டினியள்."

"நான் வாசிக்கச் சொல்லியெல்லோ எழுதினன்! லூபே வாசிச்சுப் பார்த்துப் பிழை இருந்தாச் சொல்லட்டும் எண்டு!"

லூபே முதல்முறை வாயைத் திறந்தாள். "இல்லை, டொக்டர். துடைக்கிறது எண்டுதான் இருந்தது."

"கடதாசி எங்க?" எண்டா ஒஃபிஸ் மனுசி.

"பையில," எண்டன்.

"எண்டைக்குப் பை?" எண்டா மோரீன்.

"செவ்வாய்."

மோரீனின்ர கை இடுப்பில இருந்த திறப்புக்குப் போச்சு. "கடவுளே! இண்டைக்கு ஏழாம் நாள். வந்த உடனே கீழ கொண்டுபோய்ப் போட்டிட்டன்."

லிப்டுக்கு நிக்கப் பொறுமையில்லை. அம்பத்தைஞ்சு வயதில மூண்டு மாடிப் படியையும் நான் ஓடி இறங்கினன். எனக்குப் பின்னால லூபே, அவளுக்குப் பின்னால சொக்ஸோட டொக்டர், எல்லாருக்கும் பின்னால ஒவ்வொரு படியாய்த் திறப்புச் சத்தம். பின் முற்றத்தில பெரிய குப்பைத் தொட்டி நிண்டுது. லொறி இன்னும் வரேல்லை. பைகளை ஒவ்வொண்டாய் இழுத்து முடிச்சைப் பார்த்தன். என்ர எழுத்தை எனக்குத் தெரியும், செவ்வாயில "செ" எப்பவும் கூனிக்கொண்டு நிக்கும். அவிழ்த்து நிலத்தில கொட்டினன். ஆரோ ஒருத்தர் கடைச் சாமான் எழுதின துண்டு, ஆரோ கீறின பூனை, "ஸொறி" எண்டு நாலுதரம் எழுதி வெட்டின ஒரு கடிதம். கடைசியில அது. ஒட்டின டேப்பில என்ர தலைமயிர் ஒண்டும் ஒட்டியிருந்தது.

டொக்டரிட்டைக் குடுத்தன். அவர் அந்த முற்றத்து ஈரத்தில சொக்ஸோட நிண்டு வாசிச்சார். ஒருக்கா வாசிச்சார். பேந்து விரல் வைச்சு எழுத்தெழுத்தாய் வாசிச்சார். காது சிவந்துகொண்டு வந்தது.

"ஒரு 'போ' கூடிப்போச்சு," எண்டார்.

அந்தப் பாஷையில வாசிக்கிறது, எண்ணுறது எல்லாத்துக்கும் போவா. வால் ஒட்டினா த்லாப்போவாலிஸ்த்லி, வாசிப்பு. போவை ரெண்டுதரம் போட்டாத் துடைக்கிறது. த்லாப்போப்போவாலிஸ்த்லி. இருவது வருஷம் படிச்ச மனுசன், அவசரத்தில ஒரு போ கூடப் போட்டிட்டார்.

எனக்குச் சிரிப்புப் பத்திக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தன், ஏலாமல் போச்சு. "என்ன?" எண்டா மோரீன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"எங்கட பாஷையில 'போ' எண்டா போகச் சொல்லுறது. ஒருக்காப் போ எண்டா மரியாதையாய்ப் போகலாம். 'போ, போ' எண்டு ரெண்டுதரம் சொன்னா விரட்டுறது. டொக்டர் ரெண்டு போ போட்டார், எல்லாச் சொல்லும் ஓடிப்போச்சு."

முதல் சிரிச்சது லூபே. பேந்து டொக்டர், கண்ணில தண்ணி வரச் சிரிச்சார், அதில எவ்வளவு சிரிப்பு எவ்வளவு அழுகை எண்டு எனக்குத் தெரியாது. மோரீன் சிரிக்கேல்லை. கொட்டின கடதாசியளைக் காட்டி, "ஆர் இதைத் திருப்பிப் பையில போடுறது, லவ்?" எண்டு மட்டும் கேட்டா.

சிரிச்சாப் போல போர்ட் நிறையுமோ? ரெண்டு நாளில அவரின்ர பேச்சு. மேல வந்து டொக்டர் கறுப்புப் பேனையைக் கையில வைச்சுக்கொண்டு வெள்ளைப் போர்ட்டுக்கு முன்னால நிண்டார். எங்க தொடங்கிறதெண்டு தெரியேல்லை. நான் லூபேயைக் கதிரையில இருத்தினன். "நீ சொல்லு," எண்டன். "அது எங்க நிண்டதெண்டு நான் சொல்லுறன்."

அப்பிடித்தான் செய்தம். லூபே சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எனக்கு அந்தச் சொல்லுகளை முழுக்க வாசிக்கத் தெரியாது, ஆனா ஒரு மாரி முழுக்க ஒவ்வொரு காலமையும் அந்தப் போர்ட்டின்ர விளிம்பைத் துடைச்ச ஆள் நான். எது நீட்டு, எது கட்டை, எது எதுக்குப் பக்கத்தில, எல்லாம் கண்ணில நிண்டுது. "அது மேல, டொக்டர். இல்லை, இன்னும் மேல. அதுக்குக் கீழ வட்டம் போட்டிருந்தனியள்." லூபே இடையில கையைத் தூக்குவாள். "அது பிழை, டொக்டர். அதை நாங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை." ஏழு பிழை பிடிச்சாள். வாசிச்சுப் பார்த்துச் சொல்லட்டும் எண்டு அவர் ஒட்டினது அதுக்குத்தானே. ஒரு போ போட்டிருந்தா நடந்திருக்க வேண்டிய வேலை, ரெண்டு போ போட்டும் நடந்தது, சுத்திவளைச்சு.

எல்லாம் முடிஞ்சுது எண்டு லூபே சொன்னாள். நான் இல்லையெண்டன். வலப்பக்கக் கீழ் மூலை வெறுமையாய் இருந்தது.

"அதில ஒண்டும் இல்லையே," எண்டார் டொக்டர்.

"இருந்தது. கட்டை வால். சோக்கிஸ்த்லி. நீங்கள் சுவரில கோப்பி சிந்தின கறைக்கு நேர மேல. நான் அந்தக் கறையைத் துடைக்கேக்கையெல்லாம் அழுகையில கை படக்கூடாதெண்டு பார்த்துப் பார்த்துத் துடைச்சனான்."

அவர் குனிஞ்சு அதை எழுதினார், எல்லாத்தையும் விட வடிவாய்.

நாங்கள் வெளியில வரப் பதினொரு மணி. கொரிடோர் முழுக்க ஈரமாய் மினுங்குது. அந்த முழங்காலோட மோரீன் என்ர பங்கை மொப் போட்டு முடிச்சிருந்தா. நான் நன்றி சொல்ல வாயெடுக்க, "சுவரோட நட, லவ்" எண்டா.

ஒஃபிஸ் மனுசி போர்மைத் திருப்பி எழுத வேண்டி வந்தது. டொக்டர் தானே சொல்லிக் குடுத்தார், வால் இல்லாமல், ஆளோட. "பிழையாய் எழுதினது நான். சரியாய் வாசிச்சது லூபே. சொன்னபடி துடைச்சது மிஸஸ் பிலோமினா. கடதாசியைக் காப்பாத்தினது மோரீன்." லூபேயை வெள்ளிக்கிழமை வேலையில நிரந்தரமாக்கிச்சினம். அவள் அதுக்குப் பிறகு நாலு வருஷம் என்னோட வேலை செய்தாள். இப்பவும் ஒவ்வொரு மார்கழியும் தன்ர மாதா படம் ஒண்டு அனுப்புவாள். என்ர மடு மாதாவுக்குப் பக்கத்திலதான் வைச்சிருக்கிறன். ஆர் வடிவெண்டு நான் இப்ப சொல்லுறேல்லை.

டொக்டர் பேசி முடிச்சு வந்த கிழமை எனக்கு மரியாதை செய்ய வேணுமெண்டு நினைச்சார். தமிழில "துடைக்க வேண்டாம்" எண்டு எப்பிடி எழுதிறதெண்டு கேட்டார். ஒரு துண்டில எழுதிக் குடுத்தன். அடுத்த நாள் காலமை அறையைத் திறந்தன். போர்ட் நிறையச் சொல்லு. நடுவில அவரின்ர கையால, உருண்டை உருண்டையாய், தமிழ்.

துடைக்க வேண்டும்.

நான் நீலத் துணியைத் தோளில போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டன். பேந்து கதிரையில இருந்து, அவர் வரும்வரை காத்துக்கொண்டிருந்தன். ஏழு மணிக்கு வந்தார். "என்ன, மிஸஸ் பிலோமினா?"

"டொக்டர், உண்மையாய்த் துடைக்கவோ?"

என்ர முகத்தைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், சொக்ஸோட ஓடிவந்து போர்ட்டுக்குக் குறுக்க கையை விரிச்சுக்கொண்டு நிண்டார். நான் அவரின்ர கறுப்புப் பேனையை வாங்கி, "டு"வை வெட்டி "டா" போட்டன். அஞ்சாம் வகுப்புப் படிச்ச நான் ஒரு டொக்டருக்கு எழுத்துப் பிழை திருத்தினன். அந்தக் கடதாசியை ஏழு நாளில எறியேல்லை. வேலையை விடேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்திட்டன்.

அதால, பிள்ளை, நீ கேட்டதுக்கு மறுமொழி: கேட்டுத் துடை. எழுதி ஒட்டியிருந்தாலும் கேட்டுத் துடை. பிழையாய்த் துடைச்சிட்டா, "துடைபட்டுப் போச்சு" எண்டு சொல்லாதை. "துடைச்சது நான்" எண்டு சொல்லு. ஒரு மூச்சுக்குள்ள சொல்லு.

இவ்வளவும் நான் என்ர கையால கொப்பியில எழுதினது. கண்ணாடியை எங்கயோ வைச்சிட்டன். என்ர பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிஞ்சு வந்து கதிரையில இருந்து போன் நோண்டுறாள்.

இஞ்ச வா, ராசாத்தி. போனை வைச்சிட்டு, இதை அம்மம்மாவுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. மெல்ல, எழுத்தெழுத்தாய் வாசி. நான் சொல்லுறது ஒரு போதான், பிள்ளை. ரெண்டு போட்டிடாதை.